உப்பும் தேங்காயும் கடைசியில்: வீட்டிலேயே எலும்புத் தண்ணி, வதக்கல், சால்னா, புளிக்காய்ச்சல்

மதுரையில் சாயங்காலம் எந்தப் பரோட்டாக் கடைக்குப் போனாலும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அண்டாவில் சால்னா கொதித்துக்கொண்டே இருக்கும். பரோட்டாவுக்கு ஊற்றுவதும் அதுதான், கொத்துப் பரோட்டாவில் ஒரு கரண்டி விட்டுக் கொத்துவதும் அதுதான், கறிதோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் அதுதான். கடை நிறையக் கூட்டம் நின்றாலும் மாஸ்டர் பதறுவதில்லை, ஏனென்றால் வெங்காயம் வதங்குகிற வேலை, எலும்பு வேகிற வேலை எல்லாம் மத்தியானமே முடிந்துவிட்டது. வீட்டில் நாம்தான் ராத்திரி ஏழரை மணிக்கு வந்து சின்ன வெங்காயம் உரிக்க உட்காருகிறோம்.

இதற்காகத்தான் கடையில் சூப் கட்டி, ரெடிமேட் கிரேவி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். சூப் கட்டி டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் முதலில் நிற்பது உப்பு. அதைப் போட்டால் ரசம், குருமா, பிரியாணி மூன்றும் ஒரே வாசனையில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இதைவிட நல்லதை நாமே செய்துவிடலாம்.

ஆனால் ஒரு விஷயம். செய்து வைக்கிற எதையும் முழுதாக முடிக்காதீர்கள், பாதியில் நிறுத்துங்கள். உப்பு, தேங்காய், மிளகாய்த்தூள் மூன்றும் அன்றன்றைக்குத்தான். உப்புப் போட்ட எலும்புத் தண்ணியைச் சுண்டவைத்தால் உப்பும் சேர்ந்து சுண்டும், அப்புறம் வாயில் வைக்க முடியாது. அரைத்த தேங்காய் இந்த ஊர் வெயிலில் அரை நாளில் ஊசிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாளே அந்தப் பச்சை வாசனை போய்விடும். மிளகாய்த்தூளை முன்கூட்டியே போட்டுவிட்டால் அந்த மசாலா காரக்குழம்புக்கு மட்டும்தான் ஆகும், பிள்ளைகளுக்குக் குருமா வைக்க ஆகாது. இந்த மூன்றையும் வெளியே நிறுத்திவிட்டால் ஒரே டப்பாவிலிருந்து நாலு விதமான குழம்பு வரும்.

எலும்புத் தண்ணி

கறிக்கடையில் பொதுவாக "சூப் எலும்பு" என்று கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிப் போடுவார்கள். "அண்ணே, நெஞ்செலும்பு கால் கிலோ, கழுத்து கால் கிலோ, நல்லி ரெண்டு, நல்லிய மட்டும் ரெண்டா வெட்டிருங்க" என்று பிரித்துக் கேளுங்கள். நெல்பேட்டைப் பக்கமானாலும் சரி, உங்கள் தெருமுனைக் கடையானாலும் சரி, காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் போனால் முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார்கள். நெஞ்சிலும் கழுத்திலும் குருத்தெலும்பும் ஜவ்வும் நிறைய, தண்ணிக்குக் கெட்டித்தன்மை தருவது அதுதான். நல்லியில் உள்ள மஜ்ஜை மணத்தையும் கொழுப்பையும் தரும். நல்லியை மட்டும் வாங்கி வேகவைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும், கீழே வெறும் தண்ணி நிற்கும். வாட்டிச் சுரண்டிய ஆட்டுக்கால் ஒன்று கிடைத்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

அரைக் கிலோ எலும்புக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஐந்து லிட்டர் குக்கருக்கு இது சரியாக இருக்கும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குக்கரை நிரப்பக் கூடாது. எலும்பை மஞ்சள் போட்டு இரண்டு தடவை கழுவி, பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். மூடி போடாமல் மெதுவாகச் சூடேறட்டும். கொதி வரும்போது சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு மேலே வரும், அதைக் கரண்டியால் வழித்து வழித்து எடுங்கள், பத்து நிமிடம் பொறுமை வேண்டும். இதைச் செய்யாமல் மூடிவிட்டால் தண்ணி கலங்கும், கவிச்சி வாடை நிற்கும், நுரை ஏறி விசில் துவாரத்தையும் அடைக்கும். நுரை நின்றதும் தட்டிய சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நாலு பல், மிளகு பத்து, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். அவ்வளவுதான். பட்டை, கிராம்பு, இஞ்சி எதுவும் வேண்டாம், அவை குழம்பு வைக்கும்போது வந்து சேரட்டும்.

மூடி, முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து முக்கால் மணி நேரம். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்குவதால்தான் இந்த நேரத்தில் முடிகிறது, திறந்த பாத்திரத்தில் என்றால் மூன்று, நாலு மணி நேரம் லேசான கொதியில் இருக்க வேண்டும். பிரஷர் தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கி விடாதீர்கள். அப்புறம் வடிகட்டுங்கள். எலும்பில் ஒட்டிய கறியை உதிர்த்து மிளகுத்தூள் போட்டுப் பிரட்டினால் அன்றைக்குச் சோற்றுக்கு ஆச்சு.

ஆற்றுவதுதான் முக்கியம், அதிலும் நம் ஊருக்கு. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணியே கை பொறுக்காத சூட்டில் வரும், அதில் பாத்திரத்தை இறக்கி ஆற்ற முடியாது. ஒரு தாம்பாளத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் விட்டு அதில் பாத்திரத்தை வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள், அல்லது அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். நன்றாகக் கொதித்ததுதானே என்று ராத்திரி முழுக்க மேடையிலேயே விடக் கூடாது. கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு, வெதுவெதுப்பான எலும்புத் தண்ணி அவை முளைக்க ஏற்ற இடம்.

மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஏடு கட்டியிருக்கும், கரண்டி நுனியால் ஓரத்தைத் தட்டினால் தகடாகப் பெயர்ந்து வரும். அதற்குக் கீழே தண்ணி மங்கலான தேன் நிறத்தில் உறைந்து நிற்கும், பாத்திரத்தைச் சாய்த்தால் மொத்தமாக ஒருபக்கம் நகரும், நிமிர்த்தினால் கொஞ்ச நேரம் ஆடும். ஜவ்வு கரைந்து இறங்கியதற்கு அதுதான் அடையாளம். உறையவில்லை என்றால் தண்ணீர் கூடிவிட்டது அல்லது எலும்பு சரியில்லை, கொட்ட வேண்டாம், திறந்து வைத்துப் பாதியாகச் சுண்டவிடுங்கள். அந்தக் கொழுப்பு ஏட்டை எடுத்து வையுங்கள், வெங்காய வதக்கலுக்கு எண்ணெயோடு ஒரு கரண்டி சேர்த்தால் வாசனை தெரு வரைக்கும் போகும்.

கோழி என்றால் கழுத்து, முதுகெலும்பு, கால். பிராய்லருக்குச் சிம்மில் இருபத்தைந்து நிமிடம் போதும், நாட்டுக்கோழிக்கு ஆட்டெலும்பின் கணக்குதான்.

இந்தத் தண்ணி எதற்கெல்லாம் ஆகும்? கறிக்குழம்பில் வெறும் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றலாம். சீரகச் சம்பா பிரியாணிக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் வரை, அரிசி பழசா புதுசா என்பதைப் பொறுத்து. தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் எலும்பு ரசம், பத்து நிமிட வேலை. மீன் குழம்பில் மட்டும் இதை ஊற்றாதீர்கள், இரண்டு வாசனையும் சண்டை போடும்.

சைவத் தண்ணி

புரட்டாசியிலும் கார்த்திகையிலும் வீட்டில் கவுச்சி கிடையாது என்றால் என்ன செய்வது? நம் சமையலில் இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது, யாரும் அதை ஸ்டாக் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். துவரம்பருப்பு வேகும்போது மேலே தெளிந்து நிற்கிற தண்ணி, முருங்கைக்காய் வெந்த தண்ணி, தட்டைப்பயறு வேகவைத்த தண்ணி, இதையெல்லாம் சிங்க்கில் கொட்டுகிறவர்கள் பாதிச் சுவையைக் கொட்டுகிறார்கள்.

சைவத்தில் எனக்கு முதலிடம் கொள்ளுத் தண்ணிக்குத்தான். நூறு கிராம் கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில். வடித்த தண்ணி செம்பழுப்பாக, கிட்டத்தட்டக் கறித் தண்ணியின் கனத்தோடு இருக்கும். ரசம் வைக்கலாம், சைவச் சால்னாவுக்கு ஊற்றலாம். வெந்த கொள்ளைத் தாளித்துச் சுண்டல், இல்லாவிட்டால் பூண்டு, வத்தல் வைத்துத் துவையல்.

காய்த் தண்ணி வேண்டுமென்றால் கேரட் முனை, பீன்ஸ் நார், காளான் தண்டு, கனிந்த தக்காளி, இரண்டு வெங்காயம் போட்டு அரை மணி நேரம் லேசாகக் கொதிக்கவிடுங்கள், கொத்தமல்லித் தண்டு மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தண்டுகளைப் போடாதீர்கள், நேரம் ஆக ஆகக் கந்தக வாடை ஏறும். பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும், பாகற்காய் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரை மணிக்கு மேல் கொதித்தால் நன்றாக இறங்கும் என்று நினைக்க வேண்டாம், காய் எலும்பு மாதிரி கிடையாது, இருந்த மணமும் ஆவியாகத்தான் போகும்.

வதக்கல்

நேரம் மிச்சமாவது இதில்தான், அதனால் இதற்குத்தான் அதிக நேரமும் போகும். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி அரைக் கிலோ, பூண்டு நூறு கிராம், இஞ்சி ஐம்பது கிராம், கடலை எண்ணெய் 200 மில்லி, சோம்பு ஒரு டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கொத்து. கீழமாரட் வீதி வெங்காயக் கடைகளில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆனால் விலை எகிறும் மாதங்களில் பாதிச் சின்ன வெங்காயம், பாதிப் பெரிய வெங்காயம் என்று சமாளியுங்கள். பெரிய வெங்காயத்தில் தண்ணீர் அதிகம், கூடுதலாகப் பத்து நிமிடம் வதக்க வேண்டும், இனிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சின்ன வெங்காயத்தை உரிப்பதற்கு முன்னால் தலையையும் வாலையும் நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள், தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது.

மிக்ஸியில் அரைத்து வதக்கினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். பச்சை வெங்காயத்தை அரைத்தால் கசப்பு இறங்கும், எண்ணெயில் தெறித்துக் கை சுடும். பொடியாக நறுக்கித்தான் வதக்க வேண்டும், அரைப்பதானால் வதக்கி ஆறிய பிறகு.

அடி கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, அப்புறம் வெங்காயம். உப்பு வேண்டாம் என்றேன், இங்கே மட்டும் ஒரு சிட்டிகைக்குச் சலுகை, வெங்காயத்தின் தண்ணீரை அது சீக்கிரம் இழுத்துவிடும். முதல் பத்து நிமிடம் சட்டியிலிருந்து சலசலவென்று சத்தம் வரும், வெங்காயம் கண்ணாடியாகும், ஆவி கிளம்பும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மாறும், படபடவென்று எண்ணெய் பொரிகிற சத்தமாகும். அந்த இடத்தில் தீயைக் குறைத்து இடைவிடாமல் கிளற வேண்டும், போனை உள்ளறையில் வைத்துவிட்டு வாருங்கள். பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பு வரும்வரை இன்னும் இருபது நிமிடம் போல ஆகும். அடியில் பிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள், அந்த ஒட்டலில்தான் ருசி இருக்கிறது. கருகிவிட்டால் மட்டும் மீட்க வழியில்லை.

அடுத்து இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாடை போக நாலு நிமிடம். அதன் பிறகு தக்காளி. நாட்டுத் தக்காளிதான் புளிப்புக்கு நல்லது, பெங்களூர் தக்காளி என்று விற்கிற நீளமான ரகத்தில் சதை அதிகம், புளிப்புக் கம்மி. தக்காளி கரைந்து, சுண்டி, மொத்தமும் ஒரே உருண்டையாகத் திரண்டு, ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் இறக்கிவிடலாம். ஒரு கிலோ வெங்காயம் கடைசியில் இவ்வளவுதானா என்று இருக்கும், பரவாயில்லை, நாலு பேர் குழம்புக்கு இதில் மூன்று டேபிள்ஸ்பூன் போதும்.

ஃப்ரீஸரில் இதை மொத்தமாக ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைக் கழற்றி ஒரு கவரில் போட்டுவிடுங்கள். வேண்டுமளவு எடுத்தால் போதும். அந்த ட்ரேயில் இனிமேல் ஐஸ் போடவும் முடியாது, ஜூஸில் பூண்டு மணக்கும், பழைய ட்ரே ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டும் சேர்ந்தால் சால்னா

நாலு பேருக்கு: சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய், பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, கல்பாசி ஒரு சிட்டிகை, பிரிஞ்சி இலை ஒன்று. மூன்று டேபிள்ஸ்பூன் வதக்கல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மல்லித்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், தூள் எண்ணெயில் சிவந்து மணம் வந்ததும் முக்கால் லிட்டர் எலும்புத் தண்ணி அல்லது கொள்ளுத் தண்ணி. கொதிக்கட்டும். அதற்குள் மிக்ஸியில் கால் மூடித் தேங்காய், பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், கசகசா ஒரு டீஸ்பூன், சோம்பு ஒரு டீஸ்பூன், முந்திரி நாலு, வெண்ணெயாக அரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, சிம்மில் பன்னிரண்டு நிமிடம். மேலே சிவப்பாக எண்ணெய் பிரிந்தால் முடிந்தது. சால்னா தண்ணியாகத்தான் இருக்க வேண்டும், கரண்டியால் ஊற்றினால் பரோட்டாவின் அடுக்குக்குள் ஓட வேண்டும். கெட்டியாக வந்துவிட்டால் அது குருமா, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சால்னா என்று சொல்லாதீர்கள்.

கல்பாசியை மட்டும் அளவோடு போடுங்கள். கூடினால் மருந்து வாடை.

புளிக்காய்ச்சல்

இங்கே மேலே சொன்ன விதி தலைகீழ். இதில் உப்பும் காரமும் எண்ணெயும் முழுசாக, தாராளமாகப் போக வேண்டும், ஏனென்றால் இதைக் கெடாமல் காப்பது புளியின் புளிப்பும் உப்பும் தண்ணீர் வற்றியதும்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வெளியூரிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் தயிர்ச்சோற்றோடு புளிச்சோற்றையும் கட்டுவதற்கு இதுதான் காரணம், அந்த வெயிலுக்கும் தாங்கும்.

கொட்டை எடுத்த பழம்புளி 200 கிராம். புதுப்புளியில் நிறமும் வராது, புளிப்பும் முரட்டுத்தனமாக இருக்கும், ஒரு வருடமாவது ஆன கறுத்த புளியாகப் பார்த்து வாங்குங்கள், கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் பழசு என்று கேட்டாலே தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவையாகக் கரைத்துத் திப்பி இல்லாமல் வடிகட்டுங்கள். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், வத்தல் பதினைந்து, பெருங்காயம், நிறையக் கறிவேப்பிலை. வத்தலில் ராமநாதபுரம் முண்டு பாதி, நீள வத்தல் பாதி என்று போட்டால் நன்றாக இருக்கும். முண்டு நிறத்துக்கும் வாசத்துக்கும், நீளம் காரத்துக்கும். அந்த முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. புளிக்கரைசல், மஞ்சள்தூள், நாலு டீஸ்பூன் கல் உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஆரம்பத்தில் பெரிய தீ, பாதி சுண்டியதும் சிறிய தீ, தெறிக்க ஆரம்பிக்கும்போது ஒரு தட்டைச் சாய்த்து மூடுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் சட்டி அடி தெரிந்து மெதுவாக மூட வேண்டும், எண்ணெய் சுற்றி நிற்க வேண்டும். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு டீஸ்பூன், மல்லி ஒரு டேபிள்ஸ்பூன், சின்னத் துண்டு வெல்லம், இறக்கிவிடுங்கள்.

நிலக்கடலையை இதில் போட்டு வைக்காதீர்கள், இரண்டு நாளில் நமுத்துவிடும். சோறு கிளறும்போது தனியாக வறுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஈரமில்லாத கண்ணாடி ஜாடி, ஈரமில்லாத கரண்டி, ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சோற்றுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், வத்தக்குழம்பை அவசரத்துக்கு வைக்க ஒரு கரண்டி, சேனைக்கிழங்கு வறுவலுக்குப் பிரட்ட அரைக் கரண்டி.

இறால் ஓடும் இஞ்சி பூண்டும்

இறால் வாங்கினால் தலையையும் ஓட்டையும் உரித்து அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள் பலர். கேட்டு வாங்கி வாருங்கள். கழுவி, ஒரு கரண்டி எண்ணெயில் ஆரஞ்சாகச் சிவக்கும்வரை வதக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம், கரண்டியால் தலைகளை நசுக்கி வடிகட்டினால் இறால் தொக்குக்கும் மீன் குழம்புக்கும் அதுதான் தண்ணி. மீன் தலையும் அப்படித்தான், செவுளைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும், அரை மணிக்கு மேல் கொதிக்கவும் கூடாது. மத்தி, அயிலை மாதிரி எண்ணெய் மீன் தலைகள் இதற்கு வேண்டாம்.

இஞ்சி பூண்டு விழுதை எண்ணெய் ஊற்றி வெளியில் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது, காற்றில்லாத இடத்தில் வளர்கிற நச்சுக் கிருமிக்குப் பச்சைப் பூண்டும் எண்ணெயும் சாதாரண வெப்பமும் சேர்ந்தால் போதும், வாசனையில்கூடத் தெரியாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில், மிச்சம் ஃப்ரீஸரில்.

எவ்வளவு நாள் வைக்கலாம்

எலும்புத் தண்ணி, கொள்ளுத் தண்ணி, காய்த் தண்ணி ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீஸரில் இரண்டு மூன்று மாதம். இறால் தண்ணி ஃப்ரிட்ஜில் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். வதக்கல் ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்குள், ஃப்ரீஸரில் மூன்று மாதம். டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணீர் விரியும், கண்ணாடி பாட்டில் வெடித்தே விடும். எடுத்த பிறகு நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, அதனால்தான் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரிக்கச் சொல்வது.

பராமரிப்புக்காக மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்து கரண்ட் இருக்காது. அன்றைக்கு ஃப்ரீஸர் கதவைத் திறக்காமல் விட்டால் நிறைந்திருக்கும் ஃப்ரீஸர் ஒரு முழுநாள் தாங்கும், கீழ்ப்பெட்டி நாலு மணி நேரம்தான். அதனால் முதல் நாள் ராத்திரியே எலும்புத் தண்ணியைக் கீழிருந்து மேலே மாற்றிவிடுங்கள். அப்புறம், டப்பா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதியும் பேரும் எழுதுங்கள், உறைந்த பிறகு இறால் தண்ணியும் கோழித் தண்ணியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.